ரயில் ஓடாத ஊர்

"ரயிலே ஓடாத ஊர் ஏதாவது இருந்தாச் சொல்லு, அங்கே போவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

2018 அக்டோபர் 31ஆம் தேதி சாயங்காலம், ரோஜா மாலையும் சால்வையுமாக அவரைப் பொன்மலை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். திருச்சி கோட்டத்தின் கண்ட்ரோல் ஆபீஸில் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்தவர். வண்டி ஓட்டுகிறவரைப் பயணிகளுக்குத் தெரியும், கொடி காட்டுகிறவரையும் தெரியும். ஒரு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, காதில் போனை மாட்டியபடி, எந்த வண்டியை எங்கே நிறுத்தி எதை முன்னால் விடுவது என்று சொல்கிற ஆளை யாரும் பார்த்ததில்லை. அவர் முன்னால் கட்டம் போட்ட பெரிய தாள் ஒன்று விரிந்திருக்கும். குறுக்கே மணி, நெடுக்கே ஸ்டேஷன்கள். ஓடுகிற ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்கோடு. கிராஃப் என்பார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்து தாளை எடுத்துவிட்டது. இவர் மட்டும் கடைசிவரை விரலிடுக்கில் பென்சில் இருக்கிறவர் மாதிரியே பேசினார். வண்டி ஐந்து நிமிடம் தாமதமானாலும் ஏன் என்று மேலே கேட்பார்கள். கேட்டால் பதில் எழுத வேண்டும்.

எங்களுக்கு 1986இல் கல்யாணம். அன்றிலிருந்து நான் மூன்று ஷிஃப்டில் குடித்தனம் செய்தவள். நைட் டூட்டி முடிந்து அவர் பகலில் தூங்கும்போது குக்கர் விசில் போடாது. பிள்ளைகள் கிசுகிசுவென்றுதான் சண்டை போடும். நானும் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் வாயில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்பது வீட்டிலும் வேலையிலும் ஒரே மாதிரி வந்தது. ரயில்வேக்காரர் வீட்டம்மாவுக்கு ஊர் சுற்ற என்ன குறை, பாஸ் இருக்கே என்பார்கள். பாஸ் இருந்தது. லீவுதான் இல்லை. கிடைத்த லீவெல்லாம் திருப்பதிக்கும் நாத்தனார் வீட்டுக் கல்யாணங்களுக்கும் போயிற்று. இரண்டு பேர் மட்டும், ஒரு காரியமும் இல்லாமல், ஒரு ஊருக்குப் போய் இருந்தோம் என்பது எங்கள் சரித்திரத்தில் இல்லை.

ரயில் ஓடாத ஊர் என்று கேட்டதும் மகள் சிரித்துக்கொண்டே அந்தமான் என்றாள். டிக்கெட்டும் அவளே போட்டாள். போர்ட் பிளேரிலிருந்து படகில் போகிற நீல் என்கிற சின்னத் தீவில் ஐந்து ராத்திரி. எனக்குப் பெயர் பிடித்திருந்தது. கடல் நீலமாக இருப்பதால் நீல் என்று நானே ஒரு அர்த்தமும் பண்ணிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால் சொல்கிறேன்.

2019 பிப்ரவரி. சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் இரண்டே கால் மணி நேரம்தான். (இப்போது அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், அப்போது போர்ட் பிளேர்.) மறுநாள் காலை படகு. சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் கழித்துத்தான் கிளம்பியது. என் பக்கத்தில் ஒருவர் நெளிந்துகொண்டே இருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், கயிறு அவிழ்க்கிற பையனைப் பார்ப்பதும், மறுபடி கடிகாரமும். "உங்க வண்டியா இது? பேசாம உட்காருங்க" என்றேன். வழியில் அலை தூக்கியடித்ததில் எனக்குக் குமட்டல். படகு எப்போது போய்ச் சேர்ந்தால் என்ன, நிலம் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

நீல் துறையில் பெயர்ப்பலகையில் புதுப் பெயின்ட். ஷஹீத் த்வீப். ஒன்றரை மாதத்துக்கு முன்னால்தான், 2018 டிசம்பர் 30 அன்று, பெயரை மாற்றியிருந்தார்கள். நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றி 75 வருடம் ஆனதை ஒட்டி ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று, நீல் ஷஹீத் த்வீப் ஆயிற்று. ஆட்டோக்காரர்களுக்கு எல்லாம் இன்னும் நீல்தான்.

தங்குமிடம் லக்ஷ்மண்பூர் கடற்கரைப் பக்கம். பாக்குமரங்களுக்கு நடுவில் மூங்கில் தட்டி வைத்த நாலைந்து குடில்கள். நடத்துகிறவர் வங்காளி. அந்தத் தீவில் பெரும்பாலானவர்கள் வங்காளிகளே. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்தவர்களை அரசாங்கம் 1960களில் இங்கே குடியேற்றியது. காட்டைத் திருத்தி நெல்லும் காய்கறியும் போட்டவர்கள் அவர்கள். அந்தமானின் மற்ற ஊர்களுக்கு இங்கிருந்துதான் காய்கறி போகிறது. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: சீதாபூர், பரத்பூர், ராம்நகர், லக்ஷ்மண்பூர். ஒரு ராமாயணத்தையே பதினான்கு சதுர கிலோமீட்டருக்குள் அடக்கிவிட்டார்கள். குடில் நடத்துகிறவரை எல்லோரும் தாதா என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இவருடைய ரயில்வே இந்தியும் தாதாவின் வங்காள இந்தியும் ஒருவாறு கைகுலுக்கிக்கொண்டன.

பெட்டியைப் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் கடற்கரைக்கு ஓடினோம். மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும்.

கடலைக் காணோம்.

வெள்ளை மணல் இருந்தது. அதற்கு அப்பால் பழுப்பும் பச்சையுமாகப் பாறைத் தளம், அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர். எங்கேயோ தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு நெளிந்தது, அதுதான் அலை. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் காவிரி. மேட்டூரில் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். சித்திரை மாதத்துக் காவிரி மாதிரி ஒரு கடல் கிடக்கும் என்று யார் நினைத்தார்கள்? இவ்வளவு செலவு செய்து வந்து மணலைப் பார்க்கவா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெரினாவில் கடல் இப்படியெல்லாம் விட்டுவிட்டுப் போகாது.

தாதா சாவகாசமாக வந்து நின்றார். "பானி ஆயேகா" என்றார். தண்ணீர் வரும்.

"எப்போ?" என்றார் இவர்.

சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் நிறைந்துவிடும் என்று தாதா சொன்னார்.

"விளக்கு வைக்கிற நேரம்னா எத்தனை மணி, எத்தனை நிமிஷம்?"

ஓய்வு பெற்று மூன்றரை மாதமாக இந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை. வீட்டில் பேப்பரை இரண்டு தரம் படிப்பார், மோட்டாரைப் போட்டுவிட்டு மாடித் தொட்டி நிரம்புகிறதா என்று கீழே நின்று பார்ப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தலைமாட்டில் இல்லாத போனைக் கையால் துழாவுவார். அந்த மனிதருடைய கண்ணில் திடீரென்று வெளிச்சம். தாதா சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைக் காட்டினார். அன்றைய ஏற்றமும் வற்றமும் சாக்பீஸில் எழுதியிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும், வெள்ளைக்காரர்களை முக்குளிக்கக் கூட்டிப் போகிற பையன்களுக்கும் அதுதான் பஞ்சாங்கம். கைபேசியில் பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டுத் திறந்தது 2020 ஆகஸ்டில். நாங்கள் போனபோது போன் அடித்தாலே அதிசயம். மகள் ஐந்து நாளும் எங்களைப் பிடிக்க முடியாமல் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

மறுநாள் என்னைச் சூரியன் ஏமாற்றியது. கண் விழித்தால் பளபளவென்று வெளிச்சம்; ஐயோ, எட்டு மணி ஆகிவிட்டது என்று பதறி எழுந்தால் ஆறுகூட ஆகவில்லை. கடிகாரம் நம்முடையது, சூரியன் அவர்களுடையது. சென்னைக்கு அவ்வளவு கிழக்கே இருந்தாலும் மணி ஒன்றுதான் என்பதால், அங்கே சென்னையைவிடச் சுமார் 50 நிமிடம் முன்னாலேயே விடிந்துவிடுகிறது. சாயங்காலம் ஐந்தரைக்குள் சூரியன் கடலுக்குள் போய்விடும். ஆறு மணிக்கெல்லாம் இருட்டு, எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்து ஊர் அடங்கிவிடும்.

இவர் அதற்குள் தாதாவின் மகனுடைய கணக்கு நோட்டிலிருந்து ஒரு கட்டத்தாளைக் கிழித்து வாங்கிவிட்டார். குறுக்கே மணி. நெடுக்கே, ஸ்டேஷன் பெயர் எழுத வேண்டிய இடத்தில், தேதி. முதல் நாள் வற்றம் பன்னிரண்டே முக்கால், மறுநாள் ஒன்று நாற்பது வாக்கில். புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். "தினமும் அம்பது நிமிஷம் லேட்டா வருது டீச்சரம்மா. சந்திரன் லேட்டா வர்ற கணக்கு." கரையில் மூன்று குச்சிகளை நட்டு வைத்து, தண்ணீர் எந்தக் குச்சியை எப்போது தொடுகிறது என்று குறித்துக்கொண்டார். புதுமணத் தம்பதிகள் இரண்டு மூன்று பேர் படம் எடுத்துக்கொண்டே இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு முதலில் கோபம்தான். விட்டுவிட்டு வரத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? இங்கேயும் ஒரு டைம் டேபிளா? வாய்வரை வந்ததைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அவர் அன்று மத்தியானம் தூங்கினார். பாயைக் கடற்கரை மரத்தடியில் விரித்துப் படுத்தவர், பத்து நிமிடத்தில் வாய் திறந்து குறட்டை. பக்கத்தில் ஒரு குடும்பம் பாட்டுப்பெட்டியைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து போய், வாயில் விரல் வைத்து, "ஷ்ஷ்" என்றேன். டெல்லிப் பக்கத்து அம்மாள் மிரண்டு போய்ப் பாட்டை நிறுத்திவிட்டாள். திரும்பி வந்தால் இவர் ஒரு கண்ணைத் திறந்து, "நைட் டூட்டி எதுவும் இல்லையே, போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றார். போய்க் கேட்டேன். அந்த அம்மாள் எனக்கு ஒரு டப்பா தேப்லா கொடுத்தாள். டெல்லி இல்லை, சூரத்தாம்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. சமைக்கவில்லை. தாதா வீட்டம்மா கடுகெண்ணெயில் மீன் குழம்பு வைப்பார். மீன் அன்றைக்குப் பிடித்தது, சுவைக்குக் குறையில்லை. ஆனால் புளி போடாத மீன் குழம்பைக் குழம்பு என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. அவருக்கும் என் முகம் புரிந்திருக்க வேண்டும், மூன்றாம் நாள் தக்காளி கூடுதலாக விழுந்தது. இளநீர் குடித்தேன். தாழம்புதர் ஓரமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். முதல் இரண்டு நாள் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது; மணலில் கிடந்த சருகைப் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தேன். மணல்பூச்சி கடித்துக் கணுக்கால் முழுக்கத் தடித்தது.

மூன்றாம் நாள் இயற்கைப் பாலம் பார்க்கப் போனோம். லக்ஷ்மண்பூரிலேயே இன்னொரு கரை. கடல் அரித்து அரித்துப் பாறையில் இரண்டு வளைவுகள் நிற்கின்றன, மேலே மரம் முளைத்திருக்கிறது. வற்றத்தின்போது மட்டும்தான் அதுவரை நடக்க முடியும். வங்காளிகள் ஊர் நினைப்பில் அதற்கு ஹவுரா பிரிட்ஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழிகாட்டப் பையன் ஒருவன் வந்தான். பாறை வழுக்கும் என்று எங்கள் கையில் ஆளுக்கொரு குச்சியைக் கொடுத்தான். கடல் விட்டுப்போன குட்டைகளில் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் காட்டினான். கடல் அட்டை, விரல் மொத்தத்துக்குக் கறுப்பாக, சோம்பேறித்தனத்துக்கு உருவம் கொடுத்த மாதிரி கிடந்தது. பாறையில் பதிந்த ஒரு பெரிய மட்டி, நெளிநெளியான ஊதா உதட்டை விரித்து வைத்திருந்தது. எங்கள் நிழல் பட்டதும் டப்பென்று மூடிக்கொண்டது. சோழி உயிரோடு நகர்வதை அன்றுதான் பார்த்தேன். பல்லாங்குழி ஆடிய இத்தனை வருடத்தில் அதற்குள் ஒரு பிராணி குடியிருந்தது என்று யோசித்ததே இல்லை. குட்டையின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள், இவர் இரண்டு தரம் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் திரும்புகிற நேரம் ஆகிவிட்டதாம். பையன் சொல்லவில்லை, இவர் சொன்னார். பையன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினான். இவருக்கு அன்று முழுக்க அதிலேயே பெருமை.

ஹவுரா என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய பிறகு படித்தது. நீல் என்பது நீலமும் இல்லை, ஒன்றும் இல்லை. 1857இல் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையோடு வடக்கே போய், அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்டவர்களையெல்லாம் தூக்கில் போட்ட ஜேம்ஸ் நீல். சென்னை மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்றவனும் அவனேதான். 1927இல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லித் தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அரசாங்கம் வந்த பிறகுதான் அதை எழும்பூர் மியூசியத்துக்குள் தூக்கி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நீல் சிலை சத்தியாகிரகம் பாடம் நடத்தியவள் நான். தீவுப் பெயரைக் கேட்டு உறைக்கவே இல்லை பாருங்கள்.

அவன் வடக்கே போனபோது நடந்ததை இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஹவுராவில் ரயில் கிளம்புகிற நேரம். நீலின் ஆட்கள் எல்லோரும் வந்து சேரவில்லை. ரயில்வேக்காரர்கள், நேரமாகிவிட்டது, காத்திருக்க முடியாது என்றார்கள். நீல் ஸ்டேஷன் மாஸ்டரையும் என்ஜின் ஓட்டுகிறவரையும் காவலில் வைத்துவிட்டான். ஆட்கள் ஏறி முடித்த பிறகு வண்டி பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. தூக்குத் தண்டனைகளை நான் சொன்னபோது உச்சுக்கொட்டிய மனிதர், இதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஸ்டேஷன் மாஸ்டரையா? பத்து நிமிஷ டிடென்ஷனுக்கு என்ன காரணம்னு எழுதியிருப்பான் அந்த மனுஷன்?"

நாலாம் நாள் இவருடைய கோடு கோணியது. ஐம்பது நிமிடம் என்று போட்டிருந்த கணக்கு நாற்பதாகக் குறைந்திருந்தது. குச்சியைக் குற்றம் சொன்னார், என் கடிகாரத்தைக் குற்றம் சொன்னார். கடைசியில் தாதாவிடம் போய்க் கேட்டார். அமாவாசை, பௌர்ணமி நெருங்கினால் தண்ணீர் அவசரப்படும், அஷ்டமி பக்கம் ஆடி அசைந்து வரும், ஐம்பது என்பது சராசரிதான் என்று தாதா வாழைத்தாரை இறக்கிக்கொண்டே சொன்னார். அவர் அப்பா அவருக்குச் சொன்னதாம். இவர் கட்டத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன்.

19ஆம் தேதி பௌர்ணமி. அந்த வருடத்திலேயே நிலா பூமிக்கு ரொம்ப நெருங்கி வந்த பௌர்ணமி அது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: இன்றைக்கு மாசிமகம். நம் கரையில் சாமிகளெல்லாம் கடலுக்கு வருகிற நாள். என் மாமியார் இருந்தவரை, மாசிமகத்தன்று காவிரியிலாவது ஒரு முழுக்குப் போடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். "எப்போ நிறையும்?" என்று கேட்டேன். தாளைப் பார்க்காமலே, "பத்துக்கு" என்றார். பத்து மணிக்குக் கடல் மூன்றாவது குச்சியைத் தாண்டி மரத்தின் வேரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் புடவையோடு, அவர் வேட்டியோடு, கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. கல்யாணமாகி ராமேஸ்வரத்தில் முழுகியதற்குப் பிறகு இரண்டாம் முறை. அன்று கூட மாமியார், நாத்தனார், ஓர்ப்படி என்று எட்டுப் பேர் இருந்தார்கள்.

சாயங்காலம் ஆட்டோ வைத்துக்கொண்டு கிழக்குக் கரைக்கு, சீதாபூருக்குப் போனோம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இன்னும் மறையவில்லை, முன்னால் நிலா ஏறிவிட்டது. வெண்கல வாணலி அளவுக்கு. நாலு மணிக்கு அடிவரை வற்றியிருந்த தண்ணீர் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. பாறை இடுக்குகளில் நுழைந்து, ஒவ்வொரு குட்டையாக நிரப்பி, அடுத்ததற்கு வழிந்தது. கடையில் வாங்கிய சுண்டலை இரண்டு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து தின்றுகொண்டிருந்தோம்.

"நேத்து தாதா சொன்னதைத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். "பத்து நிமிஷம் முன்ன பின்ன வருது. ஏன்னு யாரும் கேக்கல பாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தில் கடைசியாக இருந்த தேங்காய்ச் சில்லை அவருக்கு விட்டுவிட்டேன்.

திரும்பும்போது போர்ட் பிளேர் விமான நிலையத்தில் என் கைப்பையிலிருந்து இரண்டு பவளத் துண்டுகளையும் ஒரு சங்கையும் எடுத்துக்கொண்டார்கள். கரையில் கிடந்ததுதானே என்று வாதாடினேன். எடுத்துப் போகக் கூடாது என்பது சட்டம், வாசலில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். டீச்சருக்கு இது வெட்கம்தான். கட்டத்தாளை யாரும் தடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், பால் கணக்கு அட்டைக்குப் பக்கத்தில் அது ஒட்டியிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இவர் இப்போதும் எழுந்திருக்கிறார். போனைத் துழாவுவதில்லை, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

போகிறவர்கள் பௌர்ணமியை ஒட்டி நாலு நாள் இருக்கிற மாதிரிப் போங்கள். கணுக்காலுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். மணல்பூச்சிக்கு அதுதான் கேட்கிறது என்று தாதா வீட்டம்மா கடைசி நாளில்தான் சொன்னார்.